ஃபோர்மேனிடம் மிஞ்சிய சொல்

அந்த மனிதருக்குப் பேச்சு போய் மூன்று வாரமாகியிருந்தது. முழுசாகப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அதுவும் இங்கிலீஷ் சொல்.

"உங்க பேர் என்ன சார்?" என்று ஸ்பீச் தெரபிஸ்ட் கேட்டாள்.

"சாரி," என்றார் அவர்.

சாவிப் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன?"

"சாரி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. ஆழத்தில் எங்கேயோ கிடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தூக்கி மேலே கொண்டுவரப் பார்க்கிறார் என்பது பார்க்கிறவருக்கே தெரிந்தது. உதடுவரை வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. வாயைத் திறந்தார்.

"சாரி."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டு, கடித்த பழத்தில் புழுவைப் பார்த்தவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

பஸ்ஸுக்குக் கூரையும் பக்கத் தகடும் கட்டுகிற பெரிய பட்டறையில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். அத்தனை சுத்தியல் சத்தத்துக்கும் மேலே கேட்கிற குரல். ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாஷ்பேசின்மேல் சாய்ந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்தன, கூடவே பேச்சும்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்துல எனக்கு ஒரு சாரி கிடைச்சதில்ல மேடம். கட்டிக்கிற சாரின்னா நானே போய் வாங்கிக்கணும். சொல்ற சாரி கடையில கிடைக்காதே, அதனால அது இல்லவே இல்ல. இப்பப் பாருங்க, தண்ணி வேணும்னா சாரி, டிவி போடச் சொன்னா சாரி. எல்லாத்தையும் சேத்து வச்சுக் குடுக்கறார்."

"சாரி!" என்று ஃபோர்மேன் அதட்டினார். வாயை மூடு என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இருக்க வழியில்லை. அந்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு தெரபிஸ்டும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

தெரபிஸ்ட் விளக்கிச் சொன்னாள். "பேச்சு இருக்கிற இடத்துல அடிபட்டா, சில பேருக்கு இப்படி ஒரே சொல் ஒட்டிக்கிட்டு நின்னுடும்மா. ஒருத்தருக்கு வெறும் ஒரு நம்பர் மட்டும் நின்னுச்சு, எதைக் கேட்டாலும் நாப்பத்தேழுன்னுவார். அவரா நினைச்சு இதைச் சொல்றதில்ல. வேற எதையோ சொல்லப் போறார், நடுவுல இது வந்து விழுது. நாம சொல்றது அவருக்கு நல்லாவே புரியுது. ஆனா அவர் வாயிலேர்ந்து வர்ற அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. மனசுல எடுத்துக்காதீங்க."

"அப்ப அவர் நிஜமா சாரி சொல்லல."

"இல்லம்மா."

"அதானே பார்த்தேன்," என்றாள் அந்த அம்மா. நிம்மதியாகச் சொன்னாளா ஏமாற்றத்தோடு சொன்னாளா என்று பிடிபடவில்லை.

ஆனால் வார்டுக்கு வந்து பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? பழைய பட்டறைக் கணக்கர் ஒருவர் வந்தார். போன மாதம்தான் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். ஃபோர்மேன் அவரைப் பார்த்ததும் "சாரி" என்றார். துக்கம் விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "படுத்த படுக்கையிலயும் கேக்கணும்னு தோணிச்சே உங்களுக்கு," என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார் கணக்கர். சின்ன வயதில் இவரிடம் அறை வாங்கிய, மருமகன் முறையுள்ள ஒருத்தன் வந்தான். "பரவால்ல மாமா, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு," என்று பெரிய மனது பண்ணினான். புதிதாக ரவுண்ட்ஸ் வந்த டாக்டரோ, தான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் இன்னொரு தரம் உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த அந்த அம்மா ஒருநாள் தெரபிஸ்டிடம் கேட்டாள். "எனக்கு இங்கிலீஷ் அரைகுறை மேடம். சாரின்னா மன்னிப்புதானே? அப்புறம் ஏன் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வாங்கிட்டுப் போறாங்க?"

தெரபிஸ்ட் யோசித்துப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கவும் அதுதான். சாவு வீட்டில் சொல்லவும் அதுதான். ஒருவரைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தாலும் அதே சொல்தான். என்ன சொன்னீங்க என்று கேட்கவும் அதையே போடுகிறார்கள். "அது ஒண்ணை வச்சே எல்லாத்தையும் ஓட்டிடுவாங்கம்மா," என்று சமாளித்தாள்.

இருந்தாலும் அது மனதில் நமநமவென்று இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், ஸ்டாஃப் ரூம் அலமாரியில் யாரோ விட்டுப்போன தடிமனான அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்றும் போட்டிருந்தது. கம்பாஷன் என்றால் கூடச் சேர்ந்து வலியை அனுபவிப்பது. சிம்பதியும் கிட்டத்தட்ட அதேதான், வேறு மொழி வழியாக வந்தது. பிட்டி, அதாவது இரக்கம், பக்தியைக் குறிக்கிற பயட்டி என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவாம், கீழே நிற்பவர்கள்மேல் காட்டுவதாக எப்படியோ இறங்கி வந்துவிட்டது. கிரீஃப் என்றால் பாரம். ஸாரோ என்றால் துயரம். சாரி அந்த ஸாரோவின் குழந்தை என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லையாம். ரெண்டும் ஒரே ஜாடையாக இருப்பதால் எல்லோரும் அப்படி நினைத்துக்கொள்கிறார்களாம். சாரி பிறந்தது புண்ணைக் குறிக்கிற ஸோர் என்ற சொல்லிலிருந்து. எனக்கு இங்கே வலிக்கிறது. ஆதியில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள்.

அவள் அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள். ஒரு நாளைக்கு நூறு தரம் காதில் விழுகிற சொல். லிஃப்டில் தோள் இடித்தால் சொல்கிற சொல். அதற்குள் இத்தனை காலமும் ஒரு புண் மூடிக் கிடந்திருக்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது. பிறகு மணியைப் பார்த்துவிட்டு, அடுத்த பேஷண்டைப் பார்க்க ஓடினாள்.

நான்காம் வாரம் தம்பி வந்தார்.

ஃபோர்மேனுக்குக் கூடப்பிறந்தவர். அண்ணன் தம்பி பேசிப் பன்னிரண்டு வருஷம். ஒரு பள்ளிக்கூட வாசலில் பலகையைத் தூக்கிப் பிடித்து வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளைத் தெரு தாண்டிவிடுகிற வேலை. அந்தச் சட்டையோடேயே வந்திருந்தார். தெரபிஸ்ட் அப்போது ஃபோர்மேனுக்கு ஸ்ட்ரா வைத்துத் தண்ணீரில் ஊதும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்ற ஆள் வலது கையைப் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவேயில்லை.

"வாங்க தம்பி," என்று அந்த அம்மா பதறி எழுந்தாள்.

"இருக்கட்டும் அண்ணி. ரோட்டுல ஒருத்தர் சொன்னார், அண்ணன் எல்லார்கிட்டயும் சாரி சொல்றாருன்னு." தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதான் பார்த்துட்டுப் போலாம்னு."

ஃபோர்மேன் தம்பியைப் பார்த்தார். ஸ்ட்ரா வாயிலிருந்து நழுவியது. 

"சாரி," என்றார். "சாரி. சாரி. சாரி."

தம்பி மூன்றே எட்டில் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். அண்ணனின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது ஆள், சத்தமாக அழுதார். அப்போதுதான் அந்த வலது கை வெளியே வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் இல்லை.

போகும்போது அவர் தெரபிஸ்டைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"மேடம், அண்ணன் சொன்னது நிஜந்தானே?"

அழுக்குத் துணி வண்டி ஒன்று கடகடவென்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. பொய் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் படித்த படிப்பு அது இல்லை. "உங்க அண்ணனுக்கு வர்றது அந்த ஒரு சொல்தாங்க. அதை அவர் தேர்ந்தெடுத்துச் சொல்றார்னு என்னால சொல்ல முடியாது."

"தண்ணி பாட்டிலைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வாரா?"

"ஆமாங்க."

தம்பி சிரித்தார். "பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வாங்கினது, தண்ணி பாட்டிலுக்கும் கிடைக்குதா?" என்றார். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அன்றைக்கு அந்த அம்மா கதையைச் சொன்னாள். பட்டறையில் தகடு மடிக்கும் பிரஸ் மெஷின் ஒன்று இருந்தது. காலால் பெடலை மிதித்தால் மேல் பாளம் தடாலென்று இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்க முன்பக்கம் கம்பித் தடுப்பு. அதில் வேலை பார்த்தது தம்பி. ஒரு அவசர ஆர்டரின்போது, வேலை வேகமாக ஓடட்டும் என்று, தடுப்பு கழற்றிக் கிடந்தது, மூன்று விரல் போயிற்று. விசாரணையில், "நான் கழட்டச் சொல்லல, அவனா கழட்டிட்டான்" என்று ஃபோர்மேன் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

"நிஜமா யார் கழட்டச் சொன்னது?" என்று தெரபிஸ்ட் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது மேடம். இவரும் சொல்லல. தம்பியும் சொல்லல. கேக்க எனக்கும் பயம்."

அடுத்த இரண்டு வாரமும் தம்பி எட்டிப் பார்க்கவில்லை.  நான் சொன்னது சரிதான் என்று தெரபிஸ்ட் தன்னிடமே நாலு தரம் சொல்லிக்கொண்டாள். சரியானதைச் சொன்னவள் எதற்கு நாலு தரம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது.

ஃபோர்மேனும் மாறிப்போனார். பட அட்டைகளை நீட்டினால் இடது கையால் தட்டிவிட்டார். சீப்பு, சாவி, கோப்பை எல்லாம் தரையில் சிதறின. கண்ணாடி முன் உட்கார வைத்தால் தன் வாயையே வெறித்துப் பார்த்தார். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. உள்ளிருந்து வரும், உதட்டை அழுத்தி மூடிக்கொள்வார்.

ஒருநாள் அவள் மேஜைமேல் வைத்த பேனாவை அவர் எடுத்துக்கொண்டார். எழுதுவார் என்று அவள் ஆசையாகத் தாளை நகர்த்தினாள். எழுத்து வரவில்லை. பேச்சோடு எழுத்தும் போயிருந்தது. ஒரு கோடு இழுத்தார். இடது கை, பழக்கமில்லாத கை, கோடு புழுவாக நெளிந்தது. தாளைக் கசக்கி எறிந்தார். இன்னொரு தாள். மறுநாள் இன்னொன்று. அவள் தாளின் மூலையை ஒட்டுநாடாவால் மேஜையில் ஒட்டிக் கொடுத்தாள், நகராமல் இருக்கட்டும் என்று. மூன்றாம் நாள் ஒரு பெட்டி மாதிரி ஏதோ வந்தது. அதற்குமேல் ஒரு கனத்த பாளம். கீழே ஒரு மிதி.

"வீடா சார்?"

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று.

"தையல் மெஷினா?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில், பட்டறையில் எத்தனை அப்ரண்டிஸ்கள் நடுங்கியிருப்பார்கள் என்று தெரிந்தது.

உள்ளே வந்த அந்த அம்மா தாளைப் பார்த்தாள். கையிலிருந்த மாற்றுத் துணிப்பை அப்படியே கீழே விழுந்தது.

"இது பிரஸ் மெஷின் மேடம்," என்றாள்.

ஃபோர்மேனின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. இடது கையால் மனைவியின் தோளைப் பிடித்து, கதவைக் காட்டினார். கதவு, பிறகு தாள், மறுபடியும் கதவு.

"தம்பியைக் கூட்டிட்டு வரணுமா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டிய வேகத்தில் நாற்காலியே நகர்ந்தது.

தம்பி லேசில் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, பிள்ளைகள் எல்லாம் தெரு தாண்டும்வரை காத்திருந்து, அண்ணி கையோடு அழைத்துவந்தாள். "இன்னொரு தரம் அதைக் கேக்கறதுக்கு நான் வரல அண்ணி, நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தேன்," என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்.

அண்ணன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தம்பியைக் கண்டதும் மார்பு விம்மி ஏறியது. தெரபிஸ்டுக்குப் புரிந்துவிட்டது, இப்போது அந்தச் சொல் வரப்போகிறது. அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், உணர்ச்சி பொங்கினால் ஒட்டிக்கொண்ட சொல் அருவியாகக் கொட்டும், யாராலும் அடக்க முடியாது.

ஃபோர்மேன் இடது கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

சும்மா பொத்தவில்லை. தாடை வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பொத்தினார். உள்ளே சொல் முட்டி மோதுவது தொண்டையில் தெரிந்தது. முகம் சிவந்தது, மூக்கு விடைத்தது. ம் ம் என்று ஒரு சத்தம் விரலிடுக்கில் கசிந்தது. அவர் விடவில்லை. தன்னிடம் மிச்சமிருந்த ஒரே சொல் அது. அது செல்லாத சொல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணி பாட்டிலுக்குச் சொன்னதைத் தம்பிக்குச் சொல்லக் கூடாது என்று அந்த மனிதர் முடிவு பண்ணியிருந்தார்.

பயிற்சிக்கு நேரம் பார்க்கத் தெரபிஸ்ட் கையில் வைத்திருந்த ஸ்டாப்வாட்ச் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள். தான் இந்த அறையில் இருப்பதே மரியாதைக் குறைவோ என்று இருந்தது, ஆனால் கால் நகரவில்லை.

மெல்ல அந்த மூச்சு அடங்கியது. அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். உதட்டில் விரல் பதிந்த வெள்ளைத் தடம். பேனாவை எடுத்து, தாளில் இருந்த மெஷினுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பித் தடுப்பை வரைந்தார். தம்பியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் தடுப்பின்மேல் கோடு போட்டு அடித்தார், ஒருமுறை, இரண்டுமுறை, தாள் கிழிகிற மட்டும். பேனாவை வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தொட்டார். நான். மறுபடியும் தொட்டார். நான்.

 அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

 தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு விரல் கையால் பேனாவைக் கவ்விப் பிடித்து, அடியில் இருந்த மிதியை அடித்துவிட்டு அந்தப் பக்கம் வேறொன்று வரைந்தார்.

"பெடல் வலது பக்கம்ணே," என்றார்.  "நீ இடது பக்கம் போட்டிருக்க."

ஃபோர்மேன் தாளைப் பார்த்தார். புருவம் நெரிந்தது.

"சாரி!" என்று அதட்டினார்.

"என்ன சாரி? வலது பக்கந்தான். பதினாலு வருஷம் மிதிச்சவன் நான். நீ மேற்பார்வைதானே பார்த்த!"

"சாரி! சாரி!" ஃபோர்மேன் இடது பக்கத்தை விரலால் குத்திக் காட்டினார். பழைய பட்டறைக் குரல் தாழ்வாரம்வரை கேட்டிருக்கும். நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே தாளின்மேல் குனிந்துகொண்டு, ஒருவர் பேனாவை ஒருவர் பிடுங்கி, பெடலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் கன்னமும் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளத்தான் இருவருக்கும் நேரமில்லை.

சண்டை ஓய்ந்த பிறகு, தெரபிஸ்ட் தயங்கித் தயங்கி அந்தத் தாளைக் கேட்டாள். ஃபைலில் சேர்க்க வேண்டும், பேச்சு போனவர் படம் போட்டு ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், மற்ற டாக்டர்களுக்கும் காட்ட வேண்டும் என்று.

தம்பி அதற்குள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "காப்பி வேணும்னா எடுத்துக்குங்க மேடம். இது எனக்கு வந்தது," என்றார்.

அவள் காப்பியும் எடுக்கவில்லை. "வேண்டாங்க, நீங்களே வச்சுக்குங்க," என்றாள். தாழ்வாரத்தில் அன்றைக்குத் தான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயைத் திறந்தாள். எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியவில்லை. தம்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ளதைச் சொன்னீங்க மேடம். அதனாலதான் அவர் படம் போட வேண்டி வந்தது," என்றார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் தம்பிதான் அண்ணனைக் கூட்டிவந்தார். இரண்டாம் மாதக் கடைசியில் "இல்ல" என்ற சொல் வந்தது. அன்று முழுக்க எதைக் கேட்டாலும் ஃபோர்மேன் ஆசை தீர இல்ல இல்ல என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து "தண்ணி" வந்தது. அப்புறம் மனைவியின் பேர் வந்தது. அவர் அதை முழுப்பேராகச் சொன்னதே அந்த அம்மாவுக்கு நினைவில் இல்லையாம், யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாளாம். ஆறு மாதம் முடிந்து கடைசியாக வந்த அன்று தெரபிஸ்ட் எண்ணிப் பார்த்தாள், மொத்தம் பதினொரு சொல். அதில் இரண்டு வசவு, நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியவை அல்ல. ரிப்போர்ட்டில் அவற்றை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தாள். எழுதினாள்.